தங்கைக்கு ஒரு மெமோ

டார்ஜிலிங்
28-4-91

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷாலின் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது, இருமல் மட்டும் விட்டபாடில்லை. இங்கே வெயில் விருந்தாளி மாதிரி வந்து போகிறது. உன் முதுகுவலி எப்படி? அண்ணிக்கு மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கிக் கொடுத்தாயா?

எம்.எஸ்ஸி. முடித்த பெண் இத்தனை தூரம் போய் என்னதான் செய்கிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கேட்டுவிட்டாய், பொறுமையாகப் படி. நியூட் என்று ஒரு பிராணி, சாலமாண்டர் வகை. பார்த்தால் பெரிய பல்லி, ஆனால் தவளைக்குத்தான் சொந்தக்காரன். ஒரு சாண் நீளம், கரும்பழுப்பு நிறம், முதுகின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகக் குமிழ்கள். நம் ஊர்ப் பக்கம் கிடையாது, இந்த மலைகளில்தான் உண்டு. குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கு அடியில் கிடந்துவிட்டு, முதல் மழைக்குக் குளத்தில் இறங்கும், ஜோடி சேர. எது எதைத் தேர்ந்தெடுக்கிறது, எப்படி என்பதுதான் என் ஆராய்ச்சி.

எங்கள் புரொபசர் இருபது வருஷமாக ஒன்றையே சொல்கிறார். ஆண் கண்ணால் பார்த்துப் போய்ச் சேர்ந்துகொள்கிறது, பெண் சும்மா கிடக்கிறது என்று. போன வாரம் வகுப்பில் "பெண் சும்மா கிடக்கும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பவள் நான். அங்கே எந்தப் பெண்ணும் சும்மா கிடக்கவில்லை, அண்ணா.

மீதியை அடுத்ததில் எழுதுகிறேன். அண்ணிக்கு என் அன்பு.

ஷாலின்


மாதா துணை

பிள்ளைப்பாக்கம்
11-5-91

அன்புத் தங்கைக்கு இருதயசாமி எழுதியது. இங்கு எல்லோரும் சுகம். முதுகுவலி இருந்தபடியே இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் ரோட்டுப் பள்ளத்தில் ஏறி இறங்கினால் மறைமலை நகர் போய்ச் சேருவதற்குள் எலும்பு எண்ணி வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

உன் கடிதம் கிடைத்தது. பல்லிக் கதை எனக்கு விளங்கவில்லை, விளங்கவும் வேண்டாம். உனக்கு இருபத்தாறு முடிகிறது. எங்கள் கம்பெனி சூபர்வைசர் ஒருவரின் தம்பி, பெயர் அமலன், நல்ல பையன், கோயிலுக்குத் தவறாதவன். அவர்கள் வீட்டார் ஜூன் மாதம் நம் வீட்டுக்கு வருகிறார்கள். உன் கடிதங்களைப் படிக்கக் கேட்டாலும் கேட்பார்கள், பெண்ணின் கையெழுத்தும் குணமும் தெரியுமே. ஆகையால் கொஞ்சம் பார்த்து எழுது.

அண்ணிக்கு மாத்திரை வாங்கியாயிற்று.

உன் அண்ணன்
இருதயசாமி


டார்ஜிலிங்
26-5-91

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் ஊர்ப் பக்கம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததை ரேடியோவில் கேட்டதிலிருந்து கை கால் ஓடவில்லை. நீங்கள் இருவரும் பத்திரம்தானே? ஒரு வரி போடு.

இந்தக் கலக்கத்திலும் ஒரு சந்தோஷத்தை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன். நீளமான தகரத் தட்டு ஒன்றில் ஒரு கோடியில் ஆண் இருந்த தண்ணீர், மறு கோடியில் சும்மாத் தண்ணீர், நடுவில் ஒரு பெண். தட்டில் ஆணே கிடையாது, கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை. இருபத்து நாலு தடவையில் பத்தொன்பது தடவை பெண் ஆண் இருந்த தண்ணீரின் பக்கம் போனது. வாசனை, அண்ணா! தண்ணீரில் கரைந்து வருகிற வாசனை.

ஒரு கூத்தும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் தட்டைத் துணி சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டேன், அம்மா பழக்கிய கை. அன்றைக்குப் பார்த்தால் பெண் இங்கேயும் போகிறது அங்கேயும் போகிறது, எட்டுக்கு நாலு. முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: சோப்பு வாசனையைக் கெடுத்தது, அதனால்தான் அதற்கு வழி தெரியவில்லை. என் தப்பே எனக்குச் சாட்சி.

இதையும் கேள். ஆண் தன் விந்தை ஒரு சின்னப் பொதியாகத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். பெண்ணுக்குப் பிடித்தால் மேலே வந்து எடுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் தாண்டிப் போய்விடும். அவ்வளவுதான், ஆணால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் எந்த வாசனையைப் பெண் ஏற்றதோ அந்த ஆணின் வாரிசுதான் அடுத்த மழைக்கு வந்திருக்கும். கோடிக்கணக்கான வருஷமாகப் பெண்கள் தேர்ந்து தேர்ந்துதான் ஆண்களுக்கு இந்த வாசனையே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

புரொபசரிடம் சொன்னேன். "பார்ப்போம், நோட்டைக் கொடு, சரிபார்க்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை. போகட்டும், எனக்கு இருக்கிறது.

ஷாலின்


மாதா துணை

பிள்ளைப்பாக்கம்
14-6-91

ஷாலினுக்கு,

நாங்கள் பத்திரம். தெருவுக்குத் தெரு போலீஸ், பஸ்ஸை நிறுத்தி டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறார்கள். தபாலைக்கூடப் பிரிக்கிறார்கள் என்று பேச்சு. இந்த நேரத்தில் உன் இன்லண்ட் கடிதம் வந்தது. தபால்காரர் நடேசன் கொடுக்கும்போது ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் படித்தாரோ என்னவோ, எனக்குத் தெருவில் தலை நிமிரவில்லை.

டைம் ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக லேட்டாக வந்தவனுக்கும் மெஷினில் தூங்கினவனுக்கும் மெமோ எழுதுகிறேன். சொந்தத் தங்கைக்கும் ஒன்று எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

மெமோ

பெறுபவர்: செல்வி ஷாலின், டார்ஜிலிங்.

26-5-91 தேதியிட்ட உமது கடிதத்தில் கீழ்க்கண்டவாறு எழுதியுள்ளீர்:

1. தகரத் தட்டின் ஒரு கோடியில் ஆண் இருந்த தண்ணீரும் மறு கோடியில் சும்மாத் தண்ணீரும் வைத்ததில், ஆணே இல்லாதபோதும், பெண் 24 தடவையில் 19 தடவை ஆண் இருந்த தண்ணீரை நாடிப் போனது என்றும், அது வாசனையால் என்றும்.

2. பூசைக்குப் போகும் அவசரத்தில் தட்டைத் துணி சோப்பால் கழுவியதில், பெண்ணுக்கு வழி தெரியாமல் 8-க்கு 4 ஆனது என்றும், ஆகவே வாசனைதான் காரணம் என்றும். (பூசைக்கு முன்னால் செய்கிற வேலையா இது?)

3. ஆண் விந்துப் பொதியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்க, பெண் இஷ்டப்பட்டால் எடுக்கும், இல்லையேல் தாண்டிப் போகும், ஆணால் ஒன்றும் செய்ய முடியாது என்றும்.

4. பெண்கள் தேர்ந்து தேர்ந்துதான் ஆண்களுக்கு வாசனை வந்தது என்றும். (கடவுளை எங்கே வைத்தீர்?)

மேற்கண்டவற்றை ஒரு கல்யாணமாகாத பெண் தன் அண்ணனுக்கு, அதுவும் பசை விட்டால் யாரும் பிரிக்கும் இன்லண்டில் எழுதியது குடும்ப கௌரவத்துக்குக் குந்தகம். இந்த மெமோ கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

அப்பா இருந்திருந்தால் உன்னை ரயிலேற்றியிருக்கவே மாட்டார். எனக்குத்தான் புத்தியில்லை.

இருதயசாமி

(டைம் ஆபீஸ் தேதி முத்திரை: 14 ஜூன் 1991)


பிள்ளைப்பாக்கம்
20-7-91

ஷாலினுக்கு,

இந்தக் கார்டு கண்டதும் பதில் போடவும். விளக்கம் வேண்டாம், சுகமா என்று மட்டும் எழுது. அமலன் வீட்டார் வந்து போனார்கள். எல்லாம் நல்லபடி. அண்ணி நெஞ்சு வலிக்கிறது என்கிறாள், உன் நினைப்புதான்.

இருதயசாமி


டார்ஜிலிங்
2-9-91

அண்ணனுக்கு,

சுகம். அண்ணியை டாக்டரிடம் கூட்டிப் போ, என் நினைப்பு மருந்தாகாது.

மூன்று மாதம் நான் எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு வேறு வழியில்லை, அதனால் எழுதுகிறேன்.

புரொபசர் என் நோட்டைத் திருப்பித் தரவில்லை. கேட்கும்போதெல்லாம் வீட்டில் இருக்கிறது, நாளைக்கு, நாளைக்கு. ஜூலை பத்தாம் தேதி அவருடைய அக்கா மகன் இங்கே ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தான். என் தட்டுகளை அவனுக்குக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். நேற்று ஆபீஸில் டைப் அடிக்கிறவர், பாவம் நல்ல மனுஷன், என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுரையைக் காட்டினார். டிசம்பரில் கல்கத்தா மாநாட்டில் படிக்கப் போகிறார்களாம். என் இருபத்து நாலு, என் பத்தொன்பது, என் சோப்பு, எல்லாம் இருக்கிறது. என் பெயர் மட்டும் இல்லை. இரண்டு பெயர், மாமனும் மருமகனும்.

நேராகப் போய்க் கேட்டேன். நிதானமாகச் சொன்னார், "நீ தொட்டி கழுவினாய், அதற்கு நன்றி போட்டிருக்கிறேன். யோசனை என்னுடையது, சோதனை ஆகஸ்டில் இவன் செய்தது. நீதான் கல்யாணம் செய்துகொண்டு போகப் போகிற பெண்ணாயிற்றே." வயிறு எரிகிறது, அண்ணா. மழையில் ஊறி, அட்டை கடித்து, காய்ச்சலோடு உட்கார்ந்து எண்ணினவள் நான். பெண் சும்மா கிடக்கும் என்று சொன்ன அதே வாய்.

கல்லூரியில் புகார் கொடுத்துவிட்டேன். நவம்பர் கடைசியில் விசாரணை. ஜூலைக்கு முன்பே இதை நான் செய்தேன் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டுமாம். நோட்டு அவரிடம். இனி இருப்பது ஒன்றே ஒன்று, மே இருபத்தாறில் நான் உனக்கு எழுதிய கடிதம். தபால் முத்திரையோடு இருக்கும். வீட்டில் கடிதக் கம்பியில்தான் குத்தி வைத்திருப்பாய். உடனே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. அது இல்லாவிட்டால் நான் தொட்டி கழுவினவள்தான், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான்.

ஷாலின்


மாதா துணை

பிள்ளைப்பாக்கம்
19-9-91

அன்புத் தங்கைக்கு,

இங்கு சுகம். அங்கு உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். கம்பெனியில் ஓ.டி. அதிகம், ஞாயிறுகூட வரச் சொல்கிறார்கள். இந்த வருஷம் மழை முந்தும் என்கிறார்கள், செம்பரம்பாக்கம் ஏரியில் இப்போது தண்ணீர் கீழேதான் கிடக்கிறது. நம் வீட்டுப் பின்பக்கச் சுவர் வெடித்திருக்கிறது, கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். ஏரிக்கரை நிலத்தை விலைக்குக் கேட்டு மெட்ராஸ்காரர்கள் காரில் வருகிறார்கள்.

நீ கேட்ட கடிதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய மனிதர்களோடு மல்லுக்கு நிற்காதே.

இருதயசாமி


டார்ஜிலிங்
30-9-91

அண்ணா,

கம்பியில் குத்தின கடிதத்தைத் தேட எத்தனை நாள்? கொத்தனாரைப் பற்றி ஒரு பத்தி, ஏரியைப் பற்றி ஒரு பத்தி, என் உழைப்பைப் பற்றி ஒரு வரி. இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் எழுது.

ஷாலின்


பிள்ளைப்பாக்கம்
12-10-91

கண்ணு ஷாலினுக்கு அண்ணி அன்னபுஷ்பம் எழுதுறது. எனக்கு உடம்பு தேவலாம். டாக்டர் வாயுன்னு சொல்லிட்டாரு. நீ ஒழுங்கா சாப்பிடுறியா? இருமலுக்கு அதிமதுரம் பொட்டலம் தனியா அனுப்பியிருக்கேன்.

உங்க அண்ணன் எழுத மாட்டார், அதனால நான் எழுதுறேன். அந்தக் கடிதாசி இல்ல கண்ணு. அமலன் வூட்டுக்காரங்க வர்ற அன்னிக்குக் காலையில, அவங்க அம்மா கம்பியில இருக்கிறதப் படிச்சிடப் போறாங்கன்னு பயந்துகினு அதை எடுத்து அடுப்புல போட்டுட்டார். நான் காபிக்குத் தண்ணி வச்சுக்கினு இருந்தேன். "இன்னாங்க அது"ன்னேன். "ஒண்ணுமில்ல, பழைய பில்லு"ன்னார். எரியும்போது உன் கையெழுத்தப் பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்தேன் பாரு, அது என் தப்பு.

உன் செப்டம்பர் கடிதாசி வந்ததிலேருந்து மனுஷன் சரியா சாப்பிடல. கேட்டா எரிஞ்சு விழறார். நான் சொல்லிட்டேன், "அந்தப் பிராணிகூட வச்சுட்டு ஒதுங்கி நின்னு, அது இஷ்டமான்னு பாக்குது. நீங்க உங்க தங்கச்சிய ஒரு வார்த்த கேட்டீங்களா? கேக்காமலே தேதி குறிக்கப் போயிட்டீங்களே"ன்னு. ஆமா கண்ணு, ஜனவரியில நிச்சயம்னு பேசி வச்சிருந்தார். அதையும் உன்கிட்ட சொல்லல.

அழாதே. நேத்து ராத்திரி சோறு போடும்போது ஒண்ணு தோணிச்சு. உனக்குக் கோவமா ஒரு மெமோ எழுதினாரே, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு. எழுதும்போது உன் கடிதாசியப் பக்கத்துல வச்சுகினு எண்ணிக்கை தப்பாம பாத்துப் பாத்துத்தான் எழுதினார். டைம் ஆபீஸ் கை, ஒரு நம்பர் மாத்தி எழுதாது. அந்தக் காயிதம் உன்கிட்ட இருக்குதா, இல்ல கிழிச்சுட்டியா?

உன் அண்ணி
அன்னபுஷ்பம்


டார்ஜிலிங்
21-10-91

அன்புள்ள அண்ணிக்கு,

அதிமதுரம் வந்தது, இருமல் அடங்கியது. நீங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எரித்துவிட்டானா! படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, கடைசிப் பத்தியைப் படித்தேன்.

கிழிக்கவில்லை, அண்ணி. கிழித்தால் மறந்துபோகும் என்று தொட்டிகளுக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், தினம் பார்த்துக் கோபப்படுவதற்காக. ஓரம் கொஞ்சம் பூஞ்சை. தேதி முத்திரை, கவரில் தபால் முத்திரை, இருபத்து நாலு, பத்தொன்பது, துணி சோப்பு, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஜூன் பதினாலு! அந்த மருமகன் மலை ஏறுவதற்கு இருபத்தாறு நாள் முன்னால்.

ஆனால் இதை எழுதியவரே வந்து ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லது கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். மூலக் கடிதம் என்ன ஆனது என்பதையும் சேர்த்து. உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், நான் கெஞ்ச மாட்டேன்.

ஷாலின்


மாதா துணை

பிள்ளைப்பாக்கம்
6-11-91

அன்புத் தங்கை ஷாலினுக்கு,

நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

இத்துடன் நோட்டரி முத்திரை வாங்கிய என் வாக்குமூலம் இருக்கிறது. மே 26 கடிதம் எனக்கு வந்தது, அதைப் பார்த்து அப்படியே மெமோவில் எடுத்து எழுதினேன், பின்னர் அந்தக் கடிதத்தை என் கையால் எரித்தேன் என்று மூன்றையும் எழுதியிருக்கிறேன். மூன்றாவதை எழுதும்போது நோட்டரி வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.

மெமோவின் கார்பன் காப்பியும் இருக்கிறது. காப்பி வைக்காமல் நான் யாருக்கும் மெமோ கொடுத்ததில்லை. ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுக்க பர்சனல் ஆபீசர் நரசிம்மன் சாரிடம் போனேன். படித்துவிட்டு, "இன்னா சாமி, இது சார்ஜ் ஷீட்டா, ஆராய்ச்சியா?" என்றார். டைம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியட்டும். சூபர்வைசர் காதுக்கும் போயிற்று. தங்கையைக் கேட்காமல் இனி ஒரு பேச்சும் பேசுவதற்கில்லை என்று அவரிடம் நானே சொல்லிவிட்டேன்.

எனக்கு வருகிற ஆத்திரம் சொல்லி முடியாது. நான் திட்டினேன், எரித்தேன், நீ என் தங்கை, என்னைக் கேட்க உனக்கு வாய் இருக்கிறது. நீ எண்ணினதைத் தான் எண்ணினதாகக் கையெழுத்துப் போட அந்த ஆள் யார்? எங்கள் கம்பெனியில் இன்னொருவன் வருகைக் கார்டைப் பஞ்ச் பண்ணினால் அன்றே வேலை போய்விடும். படித்தவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லையா? இதையும் அவர்களிடம் கேள்.

உன் அண்ணன்
இருதயசாமி


டார்ஜிலிங்
1-12-91

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். இன்றைக்கு உண்மையாகவே சுகம். நியூட்டுகள் எல்லாம் கல்லுக்கு அடியில் போய்விட்டன, குளம் காலி.

விசாரணை முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்தார்கள். "பெண்கள் வீட்டுக்கு எழுதிக்கொள்வதெல்லாம் ஆதாரமா?" என்று புரொபசர் ஆரம்பித்தார். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா, "இது பெண் எழுதியது இல்லையே, ஆண் எழுதியதுதானே" என்று சொல்லி உன் மெமோவின் ஆங்கிலப் படியைச் சத்தமாகப் படித்தார். ஒன்று முதல் நாலு வரை, அடைப்புக்குறிக்குள் நீ கடவுளைக் கேட்டது உட்பட. நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த மருமகனிடம் கேட்டார், எந்த சோப்பு, ஏன் அன்றைக்கு மட்டும் சோப்பு என்று. சவுக்காரத் தூள் என்றான், ஏன் என்பதற்கு மாமனைத் திரும்பிப் பார்த்தான். நம் அம்மா பழக்கிய கை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மாநாட்டுக் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். நோட்டு என் கைக்கு வந்தது. என் பெயரில் நானே எழுதி அனுப்ப வேண்டும், வழிகாட்டியையும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு துல்லியமாகக் குறித்த உங்கள் அண்ணன் என்ன படித்திருக்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி., டைம் ஆபீஸ் என்றேன்.

நீ எரித்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஊருக்கு வந்து நேரில் சண்டை போட்டுவிட்டுச் சொல்கிறேன். மெமோவைக் குழு ஃபைலில் வைத்துக்கொண்டார்கள், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தாய். ஐந்து மாதத்துக்கு மேல் தாமதம், அதற்குத் தனியாக மெமோ கொடுத்துக்கொள். என் விளக்கம் இதுதான்: குற்றம் ஒன்று முதல் நாலு வரை அனைத்தும் உண்மை. நான்தான் செய்தேன்.

ஷாலின்